ஏழு பாட்டும் ஓர் எர்த் வயரும்

வீட்டில் இருந்தபடியே ஏழு பாட்டுப் பதிவுசெய்து வெளியிட எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது. கையை விட்டுப் போன காசு இரண்டரை லட்சம் ரூபாவுக்குக் கிட்ட வரும். அதில் சாமானுக்கென்று போனது பாதிதான். மிச்சம், யாராவது முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்காத காசு. வீட்டு ரெக்கோடிங் பற்றி யூடியூப்பில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள்தான். ஆனால் அவர்களுடைய கூரை தகரம் இல்லை, அவர்களுடைய ஒழுங்கைக்குள் பாண் விற்கிற ஓட்டோ வருவதில்லை, அவர்களில் யாரும் அம்மப்பாவின் பழைய ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு மாரடிக்கவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் அறைக்குள் தனியே இருந்து பாட்டுச் செய்ய நினைக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது கோண்டாவில், ரயில் பாதைக்குக் கிட்ட. மருதனார்மடத்தில் நுண்கலை படித்தபோது எடுத்த பாடம் வயலின். ஆர்மோனியம் வீட்டில் கிடந்தது; அம்மப்பா இசை நாடகங்களுக்கு வாசித்தவர். கிற்றார் சேர்ச்சில் பாடுகிற சிநேகிதி ஒருத்தியிடம் பழகினேன். மிருதங்கம் அரைகுறை, புல்லாங்குழல் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. பேஸ் கிற்றார் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேரும் இப்போது ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள், ஆகவே பேஸும் நான்தான், கீபோட்டில். எல்லாவற்றையும் ஒருத்தியே வாசிப்பது பெருமைக்காக இல்லை, ஆள் கிடையாது. பாட்டுகளும் ஒரு வகைக்குள் அடங்காதவை. ஒன்றில் காவடிச் சிந்தின் நடைக்கு ரெகே கிற்றார் போகும். இன்னொன்றில் நாடக மேடை ஆர்மோனியமும் பைலா தாளமும். “இது என்ன பிள்ளை, சாம்பாரா?” என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாவையும் நம்முடைய பேச்சுத் தமிழையும் ஒன்றாகப் போட்டுப் பொப் பாடி அரை நூற்றாண்டு ஆகிறது. அதற்குப் பிறகும் இந்தக் கேள்வி வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது போகட்டும்.

மைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேடைப் பாடகர்கள் உலகம் முழுக்கக் கையில் பிடிக்கிற பிரபலமான மொடல் ஒன்று. அமெரிக்காவில் அப்போது 100 டொலர் அளவில் விற்றது. இங்கே ஒருவர் பெட்டியோடு, பையோடு, புத்தகத்தோடு 9,000 ரூபாவுக்குத் தந்தார். அப்போது டொலர் 200 ரூபாதான், அதாவது பாதி விலைக்கும் குறைவு. போலி. பாடினால் மூக்கடைத்தவள் பாடுவது மாதிரி ஒரு சத்தம். ‘ச’வும் ‘ஷ’வும் எங்கேயோ போய்விடும். என் தொண்டையில்தான் பிழை என்று நினைத்து ஒரு மாதம் சுக்குத் தண்ணீர் குடித்தேன். பாதி விலை என்றாலே சந்தேகப்படுங்கள். வாங்க முன்னம் தலைக்கூட்டைக் கழற்றி உள்ளே பார்க்க விடச் சொல்லுங்கள், எடையைப் பாருங்கள், நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிற படங்களோடு ஒப்பிடுங்கள். பார்க்க விடாத ஆளிடம் வாங்க வேண்டாம். பழசானாலும் பரவாயில்லை, உண்மையான மைக்கைத் தெரிந்த பாடகரிடம் இரண்டாங்கையாக வாங்குவது எவ்வளவோ மேல். நான் பிறகு அப்படித்தான் வாங்கினேன்.

அறைக்கு வருவோம். என் அறை சீமெந்துச் சுவர், சீமெந்து நிலம், மேலே தகரம். கை தட்டினால் நாலு சுவரும் ‘ட்ரிங்’ என்று திருப்பித் தரும். முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது மேல்ஸ்தாயியில் கொஞ்சத்தைக் குடிக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தம் உள்ளே வருவதை நிறுத்தவே நிறுத்தாது, தீயும் இலகுவில் பிடிக்கும். எனக்குக் கைகொடுத்தது இரண்டு தும்பு மெத்தைகள். அவற்றை மூலையில் ஒன்றுக்கொன்று சாய்த்து நிறுத்தி, முதுகை அந்த மூலைக்குக் கொடுத்து, சேலை நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்துவைத்து அதைப் பார்த்தபடி பாட வேண்டும். பாடுகிற மைக் உங்கள் முகத்தைப் பார்த்தபடி இருக்கும் என்பதால், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவர்தான் அதற்கு அதிகம் கேட்கும். மெத்தை முதலில் போகவேண்டிய இடம் அதுதான். என் வீட்டில் சும்மா கிடந்த மெத்தை, ஒரு சதம் செலவில்லை.

வெளிச்சத்தத்துக்கு மருந்து நேரம் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் விடிய 5 மணிக்கு முன்னம் கோயில் ஒலிபெருக்கி தொடங்கும். 6 மணிக்குப் பாண் ஓட்டோ, பேத்தோவனின் அந்தச் சின்னப் பியானோ மெட்டோடு. ஏ மைனரில் ஒரு கிற்றார் பாட்டுப் பதிவுசெய்யும்போது அது உள்ளே வந்து விழுந்தது. அதுவும் ஏ மைனர் என்பதால் திரும்பக் கேட்கும்வரை எனக்கே தெரியவில்லை. பகலில் தோட்டங்களுக்கு இறைக்கிற மோட்டர்கள், ரயிலின் ஹோர்ன், இணுவில் பக்கத்திலிருந்து காற்றில் வருகிற தவில் சாதகம். தவிலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, ஆனால் மைக்குக்கு அந்த மரியாதை தெரியாது. பின்னேரம் வெயில் இறங்கியதும் தகரம் சுருங்கத் தொடங்கி, ‘டிக், டிக்’ என்று ஒரு மணி நேரம் தாளமில்லாமல் தட்டும். இரவு 11க்கும் 4க்கும் இடையில்தான் அறை என்னுடையது. அப்போதும் பல்லியும் நாயும் உண்டு. பக்கத்து வீட்டு அன்ரி அம்மாவைக் கூப்பிட்டு, “உங்கட பிள்ளை இரவிரவா ஒரே வரியைப் பாடுது, ஏதும் மனசுக்குச் சரியில்லையோ?” என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டாருக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். சொன்ன பிறகு அதே அன்ரி, தண்ணீர் மோட்டர் போட முன்னம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறார். ஃபானை நிறுத்தினால் வேர்வை, போட்டால் சத்தம். இருபது நிமிடம் பாடி, பிறகு ஃபானைப் போட்டு ஓய்வெடுப்பதுதான் எனக்குச் சரிவந்தது. ஒவ்வொரு இரவும் தொடங்க முன்னம், ஒன்றும் செய்யாமல் அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிந்து வையுங்கள். பிறகு வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டியிருக்கும்.

இனி என்னை அழவைத்த விஷயம். இரைச்சல். சும்மா ‘ஸ்ஸ்’ என்கிற இரைச்சல் இல்லை, அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு சுருதி. நம்முடைய கறண்ட் 50 ஹேர்ட்ஸ். அந்த 50 ஹேர்ட்ஸ் கிட்டத்தட்ட 5 கட்டைச் சுருதியின் அடிச் சுரம், அதாவது ஷட்ஜம், கீழ் ‘ஜி’க்குக் கொஞ்சம் மேலே. என் முதல் மூன்று பாட்டும் 5 கட்டை. ஆகவே இரைச்சல் தம்பூரா மாதிரி பாட்டுக்குள் ஒளிந்துகொண்டது. அடியில் ஒரு கனம் இருக்கிறதே, நல்ல சாமான்தான் வாங்கியிருக்கிறேன் என்று சந்தோஷப்பட்டதும் உண்டு. நாலாவது பாட்டு 4 கட்டை. அதில் அந்த ‘ம்ம்ம்’ ஸ்ருதிக்கு வெளியே நின்று பல்லைக் கூசவைத்தது. பிறகு பழையதைத் திரும்பக் கேட்டால் மூன்றிலும் அதே பேய். மைக்கை லப்டொப்போடு இணைக்கிற பெட்டியான இன்டர்பேஸில்தான் பிழை என்று கடைக்காரர் சொன்னார். 38,000 ரூபாவுக்கு வாங்கியதை நட்டத்துக்கு விற்று, கொஞ்சம் கூடின ஒன்று வாங்கினேன். இரைச்சலும் புதுப் பெட்டிக்குக் கூடவே வந்தது. அதற்கிடையில் இன்னொரு அடையாளம் இருந்தது: சில இரவு மைக்கின் இரும்பு வலையில் உதடு பட்டால் எறும்பு கடித்த மாதிரி ஒரு சுரீர். குளிருக்கு உதடு வெடித்திருக்கிறது என்று அம்மா நல்லெண்ணெய் பூசினார்.

கடைசியில் ஒருநாள் லப்டொப்பின் சார்ஜர் தானாகவே கழன்று விழுந்தது, இரைச்சல் சட்டென்று நின்றது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது, எவ்வளவு சின்ன சோதனை! ஆகவே யாராவது உங்களிடம் புதுப் பெட்டி வாங்கச் சொன்னால், அதற்கு முதல் செய்யவேண்டியது இது. லப்டொப்பை பட்டரியில் மட்டும் ஓடவிட்டுப் பதிந்து பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் பிழை கறண்ட் பக்கம். பிறகு எல்லாச் சாமானையும் ஒரே சொக்கட் பலகையில் கொழுவிப் பாருங்கள். இரண்டு சுவரில் இரண்டு பிளக் என்றாலே இரைச்சலுக்கு வழி திறந்து கொடுத்த மாதிரி. பிறகு ஃபானின் ரெகுலேட்டர், எல்ஈடி பல்ப், பிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். புது வகை ரெகுலேட்டர்கள், கிற்றார்க் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்புக்குள் ‘பிஸ்ஸ்’ என்று ஒரு கூர்மையான இரைச்சலைப் போடும். எதற்கும் மசியாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளக்க வேண்டும், கண்ணால் பார்த்தால் போதாது.

என் வீட்டுக்கு வந்த அண்ணை முதலில் ட்ரிப் சுவிட்சின் பட்டனை அமத்திப் பார்த்தார். விழுந்தது. “எர்த் பிரச்சினை இல்லை தங்கச்சி” என்று கிளம்பப் பார்த்தார். நல்ல வேளை, கூட வந்த பொடியன் விடவில்லை. அந்தப் பட்டன் சோதிப்பது சுவிட்சை மட்டும்தான்; எர்த்தே இல்லாத வீட்டிலும் அது விழும். அவன் கிணத்தடிக்குப் போய் எர்த் கம்பியைப் பிடித்து ஆட்டினான். பாதிக் கம்பி கையோடு வந்தது. மேலே கட்டியிருந்த செப்பு வயர் பச்சைப் பூஞ்சணம் பிடித்து, முடிச்சில் அறுந்து, பாசி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனையாவது வருடத்தில் அறுந்ததோ, யாருக்குத் தெரியும். அத்தனை காலமும் பிரிட்ஜும் மோட்டரும் எர்த் இல்லாமல்தான் ஓடியிருக்கின்றன. புதுக் கம்பி, வயர், கூலி எல்லாம் 14,500 ரூபா. அன்று இரவு பதிந்த வயலின்தான் நான் இதுவரை செய்த ரெக்கோடிங்கில் ஆகச் சுத்தமானது. ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: இரைச்சலை நிறுத்த மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்லி வீடியோக்கள் இருக்கின்றன. இரைச்சல் நிற்கலாம். உங்களுடைய மூச்சும் நிற்கலாம்.

இரைச்சலுக்கு அடுத்தது ஸ்ருதி. பல வாத்தியத்தை ஒருவரே ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிகிறவர்களுக்கு இதுதான் பெரிய பொறி, ஏனென்றால் மேடையில் எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டுச் சரிசெய்துகொள்வார்கள். தனியே பதியும்போது நேற்று வாசித்த நீங்கள் இன்றைக்கு வாசிக்கிற உங்களுக்காக இறங்கி வரமாட்டீர்கள். ஒரு பாட்டுக்குக் கிற்றார், பேஸ், வயலின், குரல் எல்லாம் முடித்து, கடைசியில் ஆசை ஆசையாக ஆர்மோனியம் வாசித்தேன். ஒட்டவில்லை. சுருதி அளக்கிற டியூனரை வைத்துப் பார்த்தால் அம்மப்பாவின் பெட்டியில் ‘ஏ’ சுரம் வழக்கமான 440 ஹேர்ட்ஸ் இல்லை, 446. அரைச் சுரத்தில் கால்வாசி மேலே. அந்தக் காலத்தில் பெட்டிக்குப் பெட்டி இப்படித்தான். ரீட்டைச் சுரண்டி இறக்கலாம் என்று ஒருவர் முன்வந்தார்; நான் விடவில்லை. சொஃப்ட்வெயரில் இறக்கிப் பார்த்தேன், இரண்டு ரீட் சேர்ந்து ஒலிக்கும்போது வருகிற அந்த அலை கெட்டுப்போய்ப் பொம்மைப் பெட்டி மாதிரிக் கேட்டது. ஆகவே மற்ற எல்லாவற்றையும் திரும்ப வாசித்தேன். இரண்டு மாதம் போனது.

இப்போது என் ஒழுங்கு இது: மாற்ற முடியாத வாத்தியம் முதலில். ஆர்மோனியத்தைப் பதிந்து, அதன் சுருதியை அளந்து, டியூனர் செயலியில் 440 என்று இருப்பதை 446 ஆக்கி, கீபோட்டின் மாஸ்டர் டியூனிலும் அதே எண்ணைப் போட்டுவிட்டுத்தான் கிற்றார் முறுக்கில் கை வைப்பேன். வயலினும் குரலும் எதற்கும் வளையும், அவை கடைசி. நடுவில் சிக்கல் தருவது புல்லாங்குழல். மூங்கிலை முறுக்க முடியாது. ஆனால் குழலுக்குள் இருக்கிற காற்றுச் சூடானால் சுருதி ஏறும். இரவு 2 மணிக்கு ஆர்மோனியத்துக்குக் கீழே நின்ற அதே குழல், மத்தியானம் 34 பாகைச் சூட்டில் நன்றாகக் கிட்ட வந்தது. மிச்சத்தை ஊதுகிற கோணத்தால் சமாளித்தேன். வேர்த்துக் கொட்டக் கொட்ட, பாண் ஓட்டோ போகவும் கோயில் மணி நிற்கவும் காத்திருந்து, அந்தப் பாட்டின் குழல் மட்டும் பகலில் பதிந்தது.

மிருதங்கம் இன்னொரு தலைவலி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துபோகும். கல்லால் தட்டி ஏற்றி வைத்தால் ஒரு பல்லவி முடிய முன்னம் இறங்கும். முதல் மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டிக் கையில் கிடைத்தது உருப்படியாக ஒன்றுமில்லை. தோல் வாத்தியத்தை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; மழைக்காலத்தைக் கிற்றாருக்கும் கீபோட்டுக்கும் பாட்டெழுதுவதற்கும் விடுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் வாசிக்கத் தொடங்க முன்னம் வலது பக்கத் தோலான வலந்தலையில் ஒரு மீட்டு மீட்டிப் பதிந்து வையுங்கள். இரண்டு நாள் கழித்து எந்தத் துண்டு இறங்கியிருக்கிறது என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் வகை மைக்கும் அந்த ஈரத்துக்குப் பயப்படும், பொரிகிற சத்தம் போடும். இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல்லோடு போட்டு வைக்கிறேன். ஜெல் நிறம் மாறினால் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். சமைக்கிற சட்டி வேண்டாம், அதற்கென்று ஒன்றை ஒதுக்குங்கள்.

பாரிஸில் இருக்கிற சிநேகிதர் ஒரு பாட்டுக்கு பேஸ் வாசித்து அனுப்பினார். நான் நொடிக்கு 48,000 சத்த மாதிரி எடுக்கிற அளவில் பதிகிறேன், அவர் பதிந்தது 44,100இல். பழைய செயலி ஒன்றில் கொழுவியபோது அது இரண்டையும் பிரித்தறியாமல் ஓட்டியதால், சுருதி முக்கால் சுரம் அளவு ஏறி, பாட்டும் வேகமாக முடிந்தது. அவர் குடித்துவிட்டு வாசித்தார் என்று நான் நினைத்தேன், நான் தூக்கக் கலக்கத்தில் எழுதுகிறேன் என்று அவர் நினைத்தார். யாரோடாவது கோப்பு மாற்றிக்கொள்வதென்றால் முதலில் இந்த எண்ணைப் பேசிக்கொள்ளுங்கள். சொஃப்ட்வெயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான் ரீப்பர் என்கிற பதிவுச் செயலியைப் பாவிக்கிறேன், 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்த்துவிட்டு 60 டொலர் கட்டலாம், பழைய லப்டொப்பிலும் ஓடும்.

2022 வந்தது. டொலர் 200இலிருந்து சில மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் கறண்ட் இல்லை. எனக்கு வேண்டியிருந்த ஹெட்போன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு மடங்கானது. உண்மையைச் சொன்னால், கறண்ட் இல்லாத நேரம் பதிவுக்கு நல்ல நேரம். ஊரே அமைதி, மோட்டர் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, லப்டொப்பில் பட்டரி இருக்கும்வரை சொர்க்கம். பிரச்சினை கறண்ட் திரும்பி வருகிற அந்த நொடி. வெளி ஹாட் டிஸ்க் ஒன்று சொக்கட்டில் கிடந்தது. கறண்ட் போய்ப் போய் வந்ததில் ஒரு தடவை ‘டக், டக்’ என்றது, அதோடு சரி. மூன்று பாட்டின் முழு வேலையும் அதற்குள். கொழும்பில் ஓர் இடத்தில் பார்ப்பதற்கு மட்டும் 5,000 ரூபா வாங்கிக்கொண்டு, எடுத்துத் தர 65,000 கேட்டார்கள், அதற்கும் உத்தரவாதம் இல்லை. விட்டுவிட்டேன். மிஞ்சியது லண்டனில் இருக்கிற அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய அரைகுறைப் பாட்டுகள்தான். அவற்றைக் கேட்டுக் கேட்டு, நானே வாசித்ததை நானே திரும்பப் படித்து வாசித்தேன். ஒரு பாட்டை அப்படித் திரும்பச் செய்ய மனம் வரவில்லை, அது இப்போதும் இல்லை. எட்டுப் பாட்டு ஏழானது அப்படித்தான்.

பிரதி எடுப்பது ஏதோ பெரிய நிறுவனங்களின் வேலை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 24 பிட், 48,000இல் ஒரு மைக்கின் பதிவு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 8.6 மெகாபைட். 4 நிமிடப் பாட்டில் 20 ட்ராக் இருந்தாலும் 700 மெகாபைட்தான். மூன்று பிரதி வைத்திருங்கள்: லப்டொப்பில் ஒன்று, வேலை முடிந்ததும் வயரைக் கழற்றி வைக்கிற டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. வெளியே என்றால் இணையமாகவும் இருக்கலாம், சித்தியின் அலுமாரியில் ஒரு பென் டிரைவாகவும் இருக்கலாம். கறண்ட் போனதும் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், வந்து ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். மலிவான யூபிஎஸ் சிலது பட்டரியில் ஓடும்போது தானே இரைச்சல் போடும், ஆகவே அதில் வேலையைச் சேமியுங்கள், பதியாதீர்கள்.

மிக்ஸிங் பற்றி ஒரே ஒரு விஷயம். நல்ல ஹெட்போனில் இரவு கேட்டு முடித்ததை அடுத்த நாள் ஓட்டோவில் போடச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓடுகிற அண்ணை என் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, “மேளம் நல்லா இருக்கு, ஆனா நீ என்ன சொல்லுறாய் எண்டு விளங்கேல்லை” என்றார். அதைவிட நல்ல விமர்சனம் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை. குரலை இரண்டு டெசிபல் ஏற்றினேன். எல்லாவற்றையும் சத்தமாக்கி நசிக்கத் தேவையில்லை. ஸ்பொட்டிபை எப்படியும் எல்லாப் பாட்டின் சத்தத்தையும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தை அளக்கிற அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

வெளியிடுவது தனி உலகம். பாட்டுகளைத் தளங்களுக்கு அனுப்ப இடையில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். சிலர் வருடா வருடம் காசு கேட்பார்கள், கட்டாவிட்டால் பாட்டை இறக்கிவிடுவார்கள். சிலர் ஒரு தடவை வாங்கிக்கொண்டு வருமானத்தில் பங்கு எடுப்பார்கள். ஏழு பாட்டை வைத்துக்கொண்டு வருடத்துக்கு வருடம் டொலர் கட்டுவது நமக்குக் கட்டுமா என்று பார்த்துச் சேருங்கள். நான் என் சொந்தப் பெயரிலேயே போட்டேன், அதே பெயரில் இன்னொரு பாடகி இருந்தார். என் முதல் பாட்டு அவருடைய பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அவருடைய பக்திப் பாடல்களுக்கு நடுவில் என் ரெகே காவடிச் சிந்து! அவருடைய ரசிகர்கள் என்ன நினைத்தார்களோ. பிரித்தெடுக்க வாரக்கணக்கில் மின்னஞ்சல். பெயரைத் தேர்ந்தெடுக்க முதல் எல்லாத் தளத்திலும் தேடிப் பாருங்கள், தேவையென்றால் முன்னால் ஊர்ப் பெயரைச் சேருங்கள். இரண்டாவது பாட்டிலிருந்து உங்கள் பக்கத்தின் இணைப்பைப் பதிவேற்றும்போதே கொடுங்கள். வெளியீட்டுத் திகதிக்கு ஒரு மாதம் முன்னம் அனுப்பினால், ஸ்பொட்டிபையின் பட்டியல் ஆசிரியர்களுக்குப் பரிந்துரைக்க நேரம் இருக்கும். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னமாவது பரிந்துரைக்கச் சொல்கிறார்கள்.

பிறகு உரிமை. அம்மம்மா பாடிய தாலாட்டு ஒன்றின் மெட்டை ஒரு பாட்டின் நடுவில் வயலினில் வாசித்திருந்தேன். யூடியூப்பில் ஏற்றி இரண்டாம் நாள் ஒரு நிறுவனம் அந்த மெட்டு தன்னுடையது என்று உரிமை கோரியது. ஊரில் நாலு தலைமுறை பிள்ளைகளைத் தூங்கவைத்த மெட்டு அது. அவர்கள் எப்போதோ அதை ஒரு அல்பத்தில் பதிவுசெய்திருக்கிறார்கள், இயந்திரம் மெட்டு ஒத்துப்போகிறது என்று பிடித்துக்கொண்டது. பயந்து பாட்டை இறக்கிவிடாதீர்கள். எதிர்ப்புத் தெரிவிக்க இடம் இருக்கிறது. 5 நாளுக்குள் தெரிவித்தால் முதல் நாளிலிருந்து வருகிற காசு யாருக்கும் போகாமல் தனியே நிறுத்திவைக்கப்படும். கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் கோரிக்கை தானாகவே விழும். எனக்கு விழுந்தது. நானே வாசித்தது என்பதைக் காட்ட அந்த வயலின் ட்ராக்கைத் தனியே வைத்திருந்தது தைரியம் தந்தது. இலவச லூப்களில், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடுகிற ஆயத்த இசைத் துண்டுகளில், இதைவிட மோசம். ஒரே லூப்பை நூறு பேர் பாவிக்க, அதில் ஒருவர் தன் பாட்டை யூடியூப்பின் உரிமைப் பட்டியலில் சேர்த்ததும் மற்றவர்களுக்கெல்லாம் கோரிக்கை போகும்.

இடையில் ஒருவர், தன் சனலில் போடுவதற்கு ஒரு ஒப்பந்தம் அனுப்பினார். உலகம் முழுவதும், நிரந்தரமாக, இப்போது உள்ளதும் இனி வரப்போகிறதுமான எல்லா ஊடகத்திலும். தருவது பூச்சியம். கையெழுத்துப் போடவில்லை. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டு உருவான கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, எங்கும் பதியத் தேவையில்லை; நீங்கள் செத்து 70 வருடம் வரைக்கும் இருக்கும். அதை ஒரு சனலில் போடுகிற சந்தோஷத்துக்காகக் கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். உங்களுக்கு வாசித்துத் தருகிற சிநேகிதரோடும் ஒரு வரி எழுதி வையுங்கள், வட்ஸ்அப்பில் என்றாலும். பாரிஸ் பேஸ்காரரும் நானும் அப்படித்தான், அவருக்கு அந்தப் பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு.

காசு வருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2024 முதல் ஸ்பொட்டிபையில் ஒரு பாட்டை 12 மாதத்துக்குள் 1,000 தடவையாவது கேட்டிருந்தால்தான் அதற்கு ஒரு சதமாவது உண்டு. என் ஏழில் அந்தக் கோட்டைத் தாண்டியவை மூன்று, பைலா தாளத்தில் செய்தது முதலாவது. நான் வெளியிட்ட நேரத்தில் இலங்கைக் கணக்கில் பேபால் மூலம் காசு அனுப்பலாம், பெற முடியாது. நான் பேயோனியர் என்கிற இணையப் பணச் சேவை வழியாக வங்கிக்கு எடுத்தேன். குறைந்த தொகை சேரும்வரை அங்கேயே கிடக்கும். விநியோகஸ்தரோடு சேரும்போது அமெரிக்க வரிப் படிவம் ஒன்று வரும், ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். நிரப்பாவிட்டால் அமெரிக்காவில் கேட்டவர்களால் வருகிற காசில் 30 சதவீதம் வரை பிடித்துக்கொள்வார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கிறது, அதைப் படிவத்தில் குறிப்பிட்டால் அது குறையும். எனக்கு முதல் தொகை பிடிபட்ட பிறகுதான் இது தெரியவந்தது. படிவத்தில் முகவரியைக் கேட்கும்போது வங்கிப் புத்தகத்தில் இருக்கிற அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். கோண்டாவிலை நான் இரண்டு விதமாக எழுதப்போய் அந்தப் படிவம் இரண்டு கிழமை திரும்பிக் கிடந்தது.